முத்து ஆற்றங்கரையில் மூன்று நாள்: சரக்கு எடுக்கக் குவாங்சோ போகிறவர்களுக்கு

எங்கள் கீழக்கரையில், தென்சீனாவில் இருக்கும் குவாங்சோவுக்குப் போகிறேன் என்று சொன்னால், அது எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. "என்ன சரக்கு?" என்றுதான் கேட்பார்கள். நான் ஃபேன்சி கடைக்காரன். பாசிமணி, ஹேர்கிளிப், பிளாஸ்டிக் முத்து. பதினாலு வருசமாக, வருசத்துக்கு ரெண்டு தடவை போய் வருகிறேன். முதல் ஆறு வருசம் ஹோட்டல், மார்க்கெட், கார்கோ ஆபீஸ், ஏர்போர்ட், இந்த நாலைத் தவிர அந்த ஊரில் ஒன்றையும் பார்க்கவில்லை. ஏழாவது வருசம் ஒரு கார்கோ ஆபீஸில் பில் குளறுபடி ஆகி, சரக்கு கிளம்ப மூன்று நாள் தாமதம். ரூமில் படுத்துக்கொண்டு சீனத்து டிவியைப் பார்க்கப் பிடிக்காமல் தெருவில் இறங்கினேன். அப்படித்தான் இந்தப் பழக்கம் வந்தது.

இப்போது லாத்தா (அக்கா) மகன் முதல் தடவையாகப் போகிறான். "மாமா, சும்மா இருக்குற நாள்ல கேன்டன் டவர் போகவா?" என்று கேட்டான். போகலாம். கேன்டன் என்பது குவாங்சோவின் பழைய பெயர். 600 மீட்டர் உயரம், ராத்திரியில் கலர் கலராக விளக்கு. ஆனால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்ததற்குப் பிறகு மனசில் ஒன்றும் தங்காது. நம் கடற்கரைக்காரன் பார்க்க வேண்டியவை வேறு. அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

போவதற்கு முன்னால் ஒரு சேதி. அந்த ஊர் ஆற்றின் பெயர் ஜூஜியாங். முத்து ஆறு என்று அர்த்தம். நம் பாட்டன்மார் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள், அதனால் எனக்குக் கேட்டதுமே சந்தோசம். விசாரித்தால் அந்த ஆற்றில் முத்தும் இல்லை, சிப்பியும் இல்லை. ஆற்று நடுவில் ஒரு வழுவழுப்பான பாறைத் திட்டு இருந்ததாம். பாரசீக வியாபாரி ஒருவன் வாங்கிய ராஜா வீட்டு முத்து ஆற்றில் விழுந்து பாறையானது என்று கதை. 1930களில் கரையை அகலப்படுத்தியபோது அந்தத் திட்டும் மண்ணுக்குள் போய்விட்டது. வெளியூர் வியாபாரி கைநழுவவிட்ட பொருளின் பெயரை ஒரு ஆற்றுக்கே வைத்திருக்கிறார்கள்.

கிளம்புமுன்

கைப்பையில் பாஸ்போர்ட் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் செல்லாது. நினைவிடங்கள் பலவற்றுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். சில இடங்களுக்கு முதல் நாளே போனில் பதிந்து வைக்க வேண்டும். ஹோட்டல் ரிசப்ஷனில் இருக்கும் பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் ரெண்டு நிமிசத்தில் முடித்துத் தரும். திங்கட்கிழமை பெரும்பாலான அருங்காட்சியகங்கள் பூட்டு. இதைத் தெரியாமல் மூன்று திங்கட்கிழமைகளை நான் வீணடித்திருக்கிறேன்.

காசை எண்ணிக் கொடுக்கிற காலம் அங்கே மலையேறிவிட்டது. அலிபே செயலியில் நம் விசா, மாஸ்டர்கார்டு எதையாவது இங்கேயே இணைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். 200 யுவானுக்குக் கீழே வாங்கினால் கூடுதல் கட்டணம் இல்லை, மேலே போனால் பிடிப்பார்கள். நம் ஊர் சிம்மிலேயே ரோமிங் போட்டுக்கொண்டு போனால் வாட்ஸ்அப் ஓடும். ஹோட்டல் வைஃபையில் ஓடாது. "வாப்பா போனை எடுக்க மாட்டேங்குறாங்க" என்று வீட்டில் ஒப்பாரி வைப்பதற்கு இதுதான் காரணம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நாள் பார்த்துப் போங்கள். ஏப்ரல் 15, அக்டோபர் 15 இரண்டும் கேன்டன் ஃபேர் என்ற பெரிய வணிகக் கண்காட்சி தொடங்கும் தேதி, ரூம் வாடகை எகிறும். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, சீனாவே தெருவில் நிற்கும். ஏப்ரல் 5ஐ ஒட்டி சிங்மிங், முன்னோர் கல்லறையைத் துடைத்துப் பூ வைக்கிற நாள். அன்றைக்கு நினைவிடங்களில் கூட்டம்தான். ஆனாலும் ஒரு தடவை அதில் போய் நின்று பாருங்கள்.

சாப்பாட்டுக்கு ஷியாவ்பெய் பகுதியில் தங்கினால் கவலையில்லை. அரபி எழுத்தும் பச்சைப் பலகையும் இருக்கும் கடையில் "சிங்ஜென்" என்று கேளுங்கள், ஹலால் என்று பொருள். கையால் இழுத்துப் போடுகிற லான்ஜோ நூடுல்ஸ் வயிற்றுக்கும் பர்ஸுக்கும் ஏற்றது.

முதல் நாள்: பழைய ஊர்

மெட்ரோ 1ஆம் லைனில் ஷிமென்கோ ஸ்டேஷனில் இறங்கி, குவாங்தா தெருவுக்கு நடங்கள். ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் அங்கே. நபித்தோழர் சஃது இப்னு அபீ வக்காஸ் கட்டியது என்று அவர்கள் நம்பிக்கை. வரலாற்றுக்காரர்கள் அவ்வளவு பின்னால் போகத் தயங்குகிறார்கள். தீப்பிடித்து 1350லும் 1695லும் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். பார்க்க வேண்டியது மினாரா. அலங்காரம், பலகணி எதுவும் இல்லாமல், சுண்ணாம்பு பூசிய மொட்டைத் தூண் 36 மீட்டருக்கு எழும்பி நிற்கும். தலை வெட்டிய பனை மாதிரி. உள்ளே ரெண்டு படிக்கட்டு, ஒன்றையொன்று தொடாமல் சுற்றிச் சுற்றி ஏறும். பாங்கு சொன்ன இதே மினாரா உச்சியில் ராத்திரி விளக்கேற்றிக் கப்பலுக்கு வழி காட்டியிருக்கிறார்கள். குவாங்தா என்றாலே ஒளிக்கோபுரம்தான். அப்போது ஆறு பள்ளிக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. ஆறு ஒதுங்கி, தெருக்கள் வந்து, இன்றைக்கு விளக்கு மட்டும் கரைக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறது. தொழப் போகிறவர்கள் வக்து நேரம் பார்த்துப் போங்கள். மற்றவர்களை உள்ளே விடமாட்டார்கள், தெருவிலிருந்தே மினாரா நன்றாகத் தெரியும்.

அதே சஃது அவர்களின் கப்ரு (அடக்கத்தலம்) என்று சொல்லப்படுகிற இடம் யுவெஷியு பூங்காவுக்குப் பக்கம், மரநிழலில். அவர் மதீனாவில் அடங்கியிருக்கிறார் என்பதே நம் கிதாபுகள் சொல்வது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை அங்கே ஜும்ஆவுக்குப் போய்ப் பாருங்கள். ஆப்பிரிக்கா, ஏமன், உய்குர், நம் காயல்பட்டினம் என்று ஒரே விரிப்பில் எல்லோரும். பிறகு வாசலில் ஆட்டுக்கறிக் கம்பி வறுவல்.

அங்கிருந்து நடந்தே, பழங்காலத் தென்சீன நாடான நான்யுவேயின் ராஜா கல்லறை அருங்காட்சியகம் போகலாம். 1983இல் கட்டடம் கட்ட மலையை வெட்டியபோது கிடைத்தது. ஜாவ் மோ என்ற ராஜா, 2100 வருசத்துக்கு முன்னால் அடக்கம். 2291 பச்சைக்கல் துண்டுகளைப் பட்டுநூலால் கோத்துச் சட்டை மாதிரி உடம்புக்குப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் அதை மொய்ப்பார்கள். நீங்கள் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு வாருங்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தம், குந்திரிக்கம், பாரசீக வேலைப்பாட்டில் ஒரு வெள்ளிச் செப்பு. கடல் வழியாக வந்த இறக்குமதிச் சரக்கு. அந்தக் காலத்திலும் எவனோ ஒருவன் பில் போட்டு ஏற்றியிருப்பான்.

அடுத்து, ராஜா ஆட்சியை முடித்துச் சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சன் யாட்-சென்னின் நினைவு மண்டபம். ஒரு எச்சரிக்கை. அவருக்கு அங்கே "சுங்ஷான்" என்று பெயர். நான் டாக்ஸி ஏறி "சுங்ஷான்" என்று மட்டும் சொன்னேன். சுங்ஷான் தெரு உண்டு, சுங்ஷான் பல்கலைக்கழகம் உண்டு, பக்கத்தில் சுங்ஷான் என்று ஒரு நகரமே உண்டு. டிரைவர் என்னை ஆற்றைத் தாண்டிப் பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட்டுப் போனார். தப்பு என்னுடையதுதான். "சுங்ஷான் ஜிநியென் தாங்" என்று முழுசாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 2ஆம் லைனில் ஜிநியென் தாங் ஸ்டேஷனில் இறங்குங்கள். 1929இல் தொடங்கி 1931இல் முடித்த எட்டு மூலைக் கட்டடம், நீல ஓடு. உள்ளே போய் நடுவில் நின்று சுற்றிப் பாருங்கள்: ஆயிரக்கணக்கான நாற்காலி, மறைக்கிற தூண் ஒன்றுகூட இல்லை. வரைந்த லூ யான்ஜி அது எழும்பி நிற்பதைப் பார்க்காமலே 1929இல் காலமாகிவிட்டார். கட்டுமானக் காசில் வெளிநாட்டில் பிழைத்த சீனர்கள் அனுப்பியதும் உண்டு. நம் ஊர்ப் பள்ளிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் துபாயிலிருந்து வருவது மாதிரி.

ரெண்டாம் நாள்: நம் ஆட்களும் உண்டு

சன்யுவான்லி என்றால் பை, பெல்ட் எடுப்பவர்களுக்குத் தெரியும். தோல் சாமான் மார்க்கெட். அந்த ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஒரு சின்னக் கோயில் வரும். சாம்பல் செங்கல், உள்ளே ஒரு முற்றம். பத்து வருசம் அந்த வழியே பெல்ட் மூட்டை சுமந்து போயும் நான் எட்டிப் பார்த்ததில்லை. 1841 மே கடைசியில், ஆங்கிலேயருக்கும் சீனாவுக்கும் நடந்த முதல் அபினிப் போரின்போது, சுற்றுவட்டாரக் கிராமத்தார் இந்தக் கோயிலில் கூடி, மூன்று நட்சத்திரக் கொடியின் முன் சத்தியம் செய்து, ஆங்கிலேயப் படையை வளைத்தார்கள். அந்தக் கொடி முன்னே போனால் முன்னே போவது, பின்னே வந்தால் பின்னே வருவது. கையில் ஈட்டி, வாள், மண்வெட்டி.

அன்றைக்கு இடியோடு மழை. படையிலிருந்து பிரிந்து வயல் வரப்பில் வழி தவறியது ஒரு கம்பெனி. யார் தெரியுமா? 37ஆவது மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. நம் சிப்பாய்கள். கல்லைத் தட்டிச் சுடுகிற பழைய துப்பாக்கி, மருந்து நனைந்து ஒன்றும் வெடிக்கவில்லை. சதுரம் கட்டி, முதுகோடு முதுகாக நின்று, துப்பாக்கி முனையில் செருகிய கத்தியால் சமாளித்திருக்கிறார்கள். பிறகு கப்பற்படை வீரர்கள் புதுவகைத் துப்பாக்கியோடு வந்து மீட்டார்கள்.

சீனர்களுக்கு இது வெற்றி நினைவிடம். அவர்கள் கண்ணோட்டத்தில் எதிரி ஆங்கிலேயன், அதற்குமேல் விவரம் எதற்கு? நானோ அந்த முற்றத்தில் நின்றுகொண்டு வேறொன்றை யோசித்தேன். சம்பளத்துக்குக் கப்பலேறி, யாருக்காக என்று தெரியாமல், முட்டளவு சேற்றில் நனைந்த துப்பாக்கியோடு நிற்கிறான் ஒரு மதராஸ்காரன். எதிரே மண்வெட்டியோடு வருகிற உழவனும் அவனும் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருந்திருப்பார்கள். கண்டிப்பாகப் போங்கள். அரை மணி போதும்.

அன்றைக்கே மத்தியானம் 6ஆம் லைனில் ஹுவாங்ஹுவாகாங். மஞ்சள் பூ மேடு என்று அர்த்தம், அவர்கள் சொல்கிற மஞ்சள் பூ சாமந்தி. 1911 ஏப்ரல் 27ஆம் தேதி அப்போது சீனாவை ஆண்ட மஞ்சு ராஜாங்கத்தை எதிர்த்து ஹுவாங் ஷிங் தலைமையில் கிளர்ந்தவர்கள் தோற்றுப்போனார்கள். கேட்பாரில்லாமல் கிடந்த 72 உடல்களை, பான் தாவெய் என்ற பத்திரிகைக்காரர் துணிந்து சேகரித்து இங்கே அடக்கம் செய்தார். பின்னால் கணக்கெடுத்தபோது பெயர் 72க்கு மேலே போனது. ஆனாலும் சொல்லில் நின்றுவிட்டது எழுபத்திரண்டுதான். அதில் லின் ஜுவெமின் என்ற இருபத்துச் சொச்ச வயதுப் பையன், மூன்று நாள் முன்னால் கைக்குட்டையில் பெண்சாதிக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனவன். அங்கே பள்ளிப் பிள்ளைகள் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

கல்லறைக்குப் பின்னால் கல்லை அடுக்கிப் பிரமிடு மாதிரி எழுப்பி, உச்சியில் ஒரு சின்ன சுதந்திர தேவி. அமெரிக்கச் சிலையேதான். மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியில் இறக்கிவிட்டு, பிற்பாடு திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். கீழே நின்று கற்களைப் பாருங்கள். 72 கல், ஒவ்வொன்றிலும் எழுத்து. காசு அனுப்பிய, சன் யாட்-சென் கட்சியின் வெளிநாட்டுக் கிளைகளின் பெயராம் அவை. டியூப்லைட்டில் "உபயம்" எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற ஊரிலிருந்து போனவன் நான். எனக்கு அது உடனே புரிந்துவிட்டது.

இந்தக் கிளர்ச்சிக்குத் திட்டம் போட்டது எங்கே என்று தெரிந்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் அசந்துபோவார்கள். பினாங்கில். 1910 நவம்பரில் சன் யாட்-சென் அங்கேதான் இருந்தார். ஆர்மேனியன் தெரு 120ஆம் நம்பர் வீடு இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரம். என் வாப்பாவின் வாப்பா அந்தப் பள்ளித் தெருவிலேயே கடைச் சிப்பந்தியாக இருந்தவர். காலம் கொஞ்சம் தள்ளிப்போனது, இல்லாவிட்டால் சன் யாட்-செனுக்கே நாங்கள்தான் வெற்றிலை விற்றோம் என்று ஊரில் கதை கட்டியிருப்போம்.

நேரம் மிச்சமிருந்தால் ஷாமியன் தீவு. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எடுத்துக்கொண்ட மணல் திட்டு, பெரிய ஆலமரங்கள், பழைய வங்கிக் கட்டடங்கள், கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்கிற இடம். எதிர்க்கரைத் தெருவின் பெயர் லியூஎர்சான், அதாவது ஆறு-இரண்டு-மூன்று. 1925 ஜூன் 23ஆம் தேதி ஊர்வலம் போனவர்களைத் தீவிலிருந்து சுட்டு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தேதியே தெருப் பெயராகிவிட்டது. கல்மணி வாங்குகிறவர்கள் ஹுவாலின் தெருவுக்கு எப்படியும் போவீர்கள். அந்தப் பச்சைக்கல் கடைகளுக்குள்ளேயே ஹுவாலின் கோயில் இருக்கிறது. காஞ்சிபுரத்துப் போதிதர்மர் என்று நாம் சொல்கிறவர் கப்பலிலிருந்து இறங்கிய இடம் அது என்று அடையாளக் கல் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்: ஆற்றோடு கீழே

இங்கே ரெண்டு வழி. ஒன்று, குவாங்சோ தெற்கு ஸ்டேஷனிலிருந்து வேக ரயிலில் ஹூமென். அரை மணிக்குள் போய்விடும். 1839 ஜூன் 3ஆம் தேதி தொடங்கி லின் ஜெஷூ என்ற அதிகாரி, வெள்ளைக்காரனிடம் கைப்பற்றிய இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டி அபினியை அழித்த இடம். எரித்தார் என்று பலர் நினைக்கிறார்கள். எரிக்கவில்லை. கரையோரம் குளம் வெட்டி, தண்ணீர் கட்டி, உப்பைக் கொட்டி, அபினி உருண்டைகளைத் துண்டு போட்டு ஊறவைத்து, மேலே சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தள்ளினார்கள். சுண்ணாம்பு கொதிக்க, ஆட்கள் கட்டையால் கிண்டிக் கரைக்க, ஓதம் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்து கடலுக்கு விட்டார்கள். உப்பளமும் சுண்ணாம்புக் காளவாசலும் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த வேலையின் நாற்றமே மூக்கில் ஏறும். அந்தக் குளங்கள் இன்றும் இருக்கின்றன, ரெண்டு சதுரத் தண்ணீர். அபினி பெரும்பாலும் நம் வங்காளத்திலும் மாளவத்திலும் விளைந்தது. அழுக்கைக் கடலில் விடுகிறோமே என்று லின் முன்கூட்டியே கடல் தெய்வத்துக்கு மன்னிப்புக் கேட்டு வேண்டுதல் எழுதினாராம். அந்த ஒரு விசயத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். வெய்யுவான் கோட்டை சில கிலோமீட்டர் தள்ளி, ஹூமென் பாலத்துக்கு அடியில். பீரங்கி மேட்டில் உட்கார்ந்தால் ஆறு கடலாகிற இடம் தெரியும்.

ரெண்டாவது வழிதான் என் சிபாரிசு. ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் முதல் ரெண்டு நாளையும் விட்டுவிட்டு இதற்குப் போங்கள். 5ஆம் லைனில் யூஜூ. படகுத்துறையிலிருந்து சாங்ஜோ தீவுக்கு ஃபெர்ரி. சைக்கிளும் காய்கறிக் கூடையுமாகச் சனம் ஏறும், பாம்பன் பாலம் வருமுன் ராமேஸ்வரத்துக்குப் போன படகு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பையிலிருந்த தொதல் என்ற எங்கள் ஊர் இனிப்பைப் பிரித்துப் பக்கத்தில் இருந்த ஒரு மூதாட்டிக்குக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, ஒரு ஓரத்தைக் கடித்து, மீதியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பேரப்பிள்ளைக்காக இருக்கும்.

தீவில் வாம்போவா ராணுவப் பள்ளி. 1924இல் சன் யாட்-சென் தொடங்கியது. சியாங் கை-ஷெக் தலைமை, சூ என்லாய் அரசியல் பாடம். பின்னாளில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட தேசியவாத, கம்யூனிஸ்ட் ஆகிய ரெண்டு கட்சித் தளபதிகளும் ஒரே கூடத்தில் படுத்து எழுந்தவர்கள். 1938இல் ஜப்பான் குண்டு போட்டு அழித்தது, இப்போது இருப்பது 1996இல் பழைய அடித்தளத்தில் திருப்பிக் கட்டியது. வரிசையாகக் கட்டில், மடித்த போர்வை, வைக்கோல் செருப்பு. அதே தீவு மேட்டில் பம்பாய்ப் பார்சி வியாபாரிகளின் கல்லறைகளும் இருக்கின்றன. நம் பக்கத்திலிருந்து சரக்கோடு போய்த் திரும்பாதவர்கள்.

திரும்ப யூஜூ வந்து, 13ஆம் லைனில் நான்ஹாய் ஷென்மியாவ் ஸ்டேஷன். தெற்குக் கடல் தெய்வத்தின் கோயில், 594இல் தொடங்கியது. 820ஆம் வருசத்துக் கல்வெட்டு உள்ளே நிற்கிறது. கப்பலேறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் இங்கே கும்பிட்டுப் போனார்கள். நான் கும்பிடப் போகவில்லை, வாசல் மண்டபத்தில் நிற்கிற ஒரு ஆளைப் பார்க்கப் போனேன்.

தாஷி என்று பெயர் சொல்கிறார்கள். சீனத்து அதிகாரி உடுப்பு, ஆனால் கருத்த முகம். இடது கையை நெற்றியில் வைத்து, வெயிலை மறைத்து, கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் இந்தியப் பக்கத்திலிருந்து தூதாக வந்தவராம். கோயிலில் பலாக் கொட்டை ஊன்றிவிட்டு, இடம் அழகாக இருக்கிறது என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றதில் கப்பல் கிளம்பிவிட்டது. கரையில் நின்று பார்த்துப் பார்த்தே செத்தார். ஊரார் அவரை அடக்கம் செய்து, அதே நிலையில் சிலை வைத்துவிட்டார்கள். பலாவுக்கு அவர்கள் வைத்த பெயர் போலோ, அதனால் போலோ கோயில். "அந்நியப் பேய் போலோவைப் பார்க்குது" என்று பழமொழிகூட உண்டு. ரெண்டாம் சந்திர மாதத்துத் திருவிழாவில் காகிதக் கோழி விற்பார்கள், நிஜ இறகு ஒட்டியது. பேரப்பிள்ளைகளுக்கு வாங்கலாம், பெட்டியில் நசுங்காமல் கொண்டு வருவது உங்கள் சாமர்த்தியம்.

அந்தக் கையைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்தேன். விரல் சேர்த்து, கொஞ்சம் குவித்து, புருவத்துக்கு மேலே. எங்கள் ஊர்த் துறையில் படகு வருதா என்று பார்க்கிற பொம்பளைகளின் கை அப்படியே. போட்டோ எடுத்து உம்மாவுக்கு அனுப்பினேன். நாற்பது வருசம் சபராளி (வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்) பெண்சாதியாக இருந்தவங்க. உடனே போன் வந்தது. "யாரு வாப்பா இது, இந்த வெயில்ல நிக்கிறாரு?"

கப்பலை விட்டவர் என்றேன்.

"நீ ஃபிளைட்டை விட்டுராதே, டிக்கெட்டை எடுத்துப் பாரு" என்றாங்க.

திரும்பும்போது யூஜூவில் 5ஆம் லைன் மாறுங்கள், நேராக ஷியாவ்பெய் கொண்டுவந்து விடும். சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்துக்கு முன்னால் ஏறிவிடுங்கள், இல்லாவிட்டால் நின்றுகொண்டே வர வேண்டும்.